மச்சான் சொல்ல வேண்டிய ஒரு வசனம்

என் அக்காவான ராத்தாவின் கணவர், அதாவது எனக்கு மச்சான், கின்னியாவிலிருந்து திருகோணமலைக்கு ஓடும் பஸ்ஸில் முடி நரைக்கும் வரை கொண்டக்டராக இருந்தவர். ஒரு காலை குறிஞ்சாக்கேணி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கோப்பை கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. அவருடைய அண்ணன், எங்கள் எல்லாருக்கும் காக்கா, உடனே எண்ணெய் தடவுகிற ஆளைக் கூட்டிவரப் புறப்பட்டார். மச்சானின் மகள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"பெரியவாப்பா, எண்ணெயெல்லாம் பொறகு. இப்ப ஆட்டோ."

அவள் அன்றைக்கு அடம்பிடித்ததால்தான் மச்சான் இன்று நடக்கிறார். மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். வலக்கை சோர்ந்தது, பேச்சு போனது. நாம் சொல்வது அவருக்கு நன்றாக விளங்கும். பதில்தான் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விடும்.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். அவருக்கு ஏலாது என்றால் இன்னொருவரைப் பொறுப்பாக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. காக்கா அந்த இடத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். புதுச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ட வாப்பாட வாயால வரணும். வராட்டி, வாற நாள் வரைக்கும் மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இரிக்கட்டும்."

அதோடு எங்கள் வீடு மூளை ஆராய்ச்சிக் கூடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கும் பெருமூளை, சிறுமூளை, நரம்புக் கலம் என்று வாய் நிறையப் பேச்சு வந்தது. போனை விரலால் அமத்தினால் போதும், உலகத்து விஞ்ஞானிகள் அத்தனை பேரும் ஹோலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பக்கவாதம், ஞாபகமறதி, கைநடுக்கம் எல்லாம் காக்காவுக்கு ஒரே கணக்கு, ஒரே மருந்து. அவர் ஒருநாள் ஓடி வந்தார்.

"செத்த நரம்பு திரும்ப முளைக்குதாம்! கண்டுபிடிச்சிட்டானுகள்!"

"ஆருக்கு முளைச்சது காக்கா?" என்று கேட்டேன்.

அவர் போனை மறுபடி பார்த்தார். "எலிக்கு."

அதற்குப் பிறகு வந்த நல்ல செய்திகளையும் விசாரித்துப் பார்த்தேன். நடக்காத எலி நடந்திருந்தது, மறந்த எலிக்கு வழி ஞாபகம் வந்திருந்தது. எலியாகப் பிறந்திருந்தால் மச்சான் இந்நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயிருப்பார். இன்னொரு வீடியோவில் ஏதோ நீல நிறப் பழம் மூளைக்கு நல்லது என்றார்கள். அந்தப் பழத்தை எங்கள் பக்கத்தில் கண்டவர் இல்லை. காக்கா ஒரு பை நிறைய நாவல்பழம் கொண்டுவந்தார். "நிறம் ஒண்டுதானே?" மச்சானின் நாக்கு ஊதா நிறமானது. பேச்சு வரவில்லை.

கடைசியில் உருப்படியான காரியம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளையிடம்தான் நடந்தது. அவள் மச்சானிடம் பெயரைக் கேட்டாள். வரவில்லை. வீடு எங்கே என்று கேட்டாள். வரவில்லை. பிறகு, "ஐயா, உங்கட பஸ் எங்க போகும்?" என்றாள்.

"வெள்ளைமணல் சீனக்குடா டவுண் டவுண் டவுண், ஏறு ஏறு ஏறு!"

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சானே மிரண்டுபோய் யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தார்.

நிக்காஹ் வசனத்தின் கதையைச் சொன்னதும் அந்தப் பிள்ளை விளக்கினாள். வாய்க்குப் பழகிப்போன பேச்சும் ராகமும் மூளையில் வேறு பாதையால் வரலாம் என்கிறார்களாம். "எல்லாருக்கும் சரிவரும் எண்டு சொல்ல ஏலாது. ஆராய்ச்சி இன்னும் நடக்குது. அந்த வசனத்தை பஸ் ராகத்தில போட்டுப் பழக்கிப் பாப்பம். ஒண்டு மட்டும் செய்யுங்கோ. அவர் வாய் திறந்தா, நீங்க எல்லாரும் மூடோணும்."

இதைவிட எலியின் மருந்தைத் தேடிப் பிடிப்பது சுலபம். எங்கள் வீட்டில் ஒருவர் மூச்சு விடுவதற்குள் மற்றவர் அவருடைய கதையை முடித்துவிடுவார். அது எங்களுக்கு அன்பு. மச்சான் "என்ட மகளை" என்று ராகத்தோடு புறப்பட்டு ஒரு கணம் நிற்பார். "உங்களுக்கு!" என்று நான் எடுத்துக் கொடுப்பேன். உடனே எல்லாம் கலைந்து, அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பாலம் தாண்டிய பஸ்ஸை நானே கின்னியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நிக்காஹ் அன்று முற்றத்துப் பந்தலில் ஆண்கள் நிறைந்திருந்தோம். பெண்கள் யன்னலுக்குப் பின்னால். காக்கா புதுச் சட்டையோடு, தேவைப்பட்டால் பாய வசதியாக, பக்கத்திலேயே இருந்தார். மச்சானின் சோர்ந்த கையை மாப்பிள்ளைதான் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ட மகளை..."

"உங்களுக்கு," என்றார் காக்கா.

மச்சான் முதலிலிருந்து தொடங்கினார். "என்ட மகளை உங்களுக்கு..."

"நிக்காஹ்!" என்றார் மாப்பிள்ளை வீட்டு ஒருவர், வானொலிப் போட்டியில் பரிசு விழுந்தவர் போல.

மறுபடி முதலிலிருந்து. மௌலவி இரங்கிவிட்டார். "சிரமப்படாதீங்க. தலையாட்டினாலும் போதும்." மச்சான் தலையாட்டினார், மாட்டேன் என்று.

அப்போது யன்னலுக்குள்ளிருந்து கல்யாணப் பெண்ணின் குரல் வந்தது. "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?"

பந்தல் அடங்கியது. நான் கைலேஞ்சித் துணியைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். மச்சானின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. காக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லாமல் இருப்பது அவருக்கும் ஒரு வருத்தம்தான்.

"என்ட மகளை உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன் தந்தேன் தந்தேன், றைட்!"

மாப்பிள்ளை மிதிபலகையில் பாய்ந்து ஏறுகிறவர் போல, "ஏத்துக்கிட்டேன்!" என்றார். பந்தலே குலுங்கிச் சிரித்தது. கடைசிச் சொல் கூடுதலா என்று யாரோ கேட்டதற்கு, "கூடினாக் குத்தமில்ல" என்றார் மௌலவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

காக்கா அன்றே நாலு பேரிடம் நாவல்பழத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இப்போது புதுச் சிக்கல். அந்த வசனம் நன்றாகப் பழகிவிட்டதால், மச்சான் எதற்கு வாய் திறந்தாலும் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பொடியனுக்கு மகளைக் கட்டிக் கொடுத்தார். மின்சாரக் கட்டணம் பார்க்க வந்தவருக்கும் கொடுத்தார். எனக்கும் இரண்டு முறை கொடுத்திருக்கிறார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்கிறார். அவர் இதையெல்லாம் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று மச்சான், மகள் சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்து, "என்ட மகளை உங்களுக்கு..." என்று தொடங்கினார். மகள் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். "அது குடுத்தாச்சு வாப்பா. இப்ப என்ன வேணும்?" என்றாள். எனக்கு வாய் துடித்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் தெருவைக் கடந்து, அதன் சத்தமும் அடங்கிப்போனது.

"தண்ணி," என்றார் மச்சான்.