ஆபாதான் வாசலில் தாவூஸ்

ஈரானின் ஆபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வாசலில் அவித்த அவரைக்கொட்டை விற்றவள் தாவூஸ். அவள் கணவன் நஜஃப் அந்த ஆலையின் கொதிகலனில் வெந்து செத்தவன். ஈமச் சடங்கு முடியும் முன்பே, ஆலையை நடத்திய வெள்ளைக்காரர்கள், ஆலை கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு அவள் தகரக் குடிசைக்குப் போனாள். அடுப்பை ஆலை வாசலுக்கே கொண்டுவந்தாள்.

எண்ணெய் இனி நம் நாட்டுடையது என்று பிரதமர் அறிவித்ததும், பத்திரிகையில் வந்த அவர் படத்தை வெட்டித் தன் வண்டியில் ஒட்டினாள். வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் போட்ட தடையால் எண்ணெய் வாங்க எந்த நாட்டுக் கப்பலும் வரவில்லை. ஊரே வயிற்றைச் சுருக்கிக்கொண்டது.

"உங்க பிரதமர் சோறு போடுவாராக்கா?" என்று ஃபிட்டர் யதுல்லா சீண்டுவான்.

"அவங்க இருந்தப்ப நீ பிரியாணியா தின்னே? கிண்ணத்தை நீட்டுடா."

இரண்டு கோடைகள் கழித்து மன்னரின் ஆட்கள் பிரதமரைக் கவிழ்த்துச் சிறையில் போட்டார்கள். மறுநாளே ராணுவம் கடை கடையாக வந்து அவர் படங்களைக் கிழித்தது. மீசை அரும்பிய லெப்டினன்ட் ஒருவன் தாவூஸின் வண்டிமுன் நின்றான்.

"ஏ பொம்பளை, படத்தை எடு. இல்லே, பானையைக் கவுத்துடுவேன்."

தொழிலாளர்கள் கிண்ணங்களோடு நின்று பார்த்தார்கள். அன்றைய பிழைப்பு முழுவதும் அந்தப் பானையில்தான் இருந்தது.

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?" என்றவள், கைத்துணியால் பானையைப் பிடித்துச் சாய்த்தாள். அவரைக்கொட்டையும் கொதிநீரும் அவனுடைய பளபளத்த பூட்ஸ்மேல் கொட்டின. அவன் துள்ளிக் குதித்தான். யாரோ சிரிக்க, வாசலே சிரித்தது.

"இப்ப பானை காலி. படம் அங்கேயேதான் இருக்கு. எண்ணெய் யாரோடதுங்கிறது அதைக் கிழிச்சா மாறிடுமா?"

படம் கிழிந்தது. அவளைக் குளிர்காலம் முடியும்வரை சிறையில் வைத்தார்கள். இருமலோடு திரும்பியவளுக்கு வாசலில் இடமில்லை என்றார்கள். எதிர்த் தெருவில் அடுப்பு மூட்டினாள். யதுல்லாவும் மற்றவர்களும் சாலையைக் கடந்து அங்கேயே வந்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் வேறு கம்பெனிப் பெயரில் ஆலைக்குத் திரும்பினார்கள். ஒருநாள் ஒரு துரையின் காரோட்டி வந்து, "துரை கார்ல இருக்காரு, சீக்கிரம் ஒரு கிண்ணம் கொடு" என்றான்.

"இறங்கி வரிசையில நிக்கச் சொல்லு."

"துரைடி அவரு!"

"பசிக்குதுல்ல? அப்ப நிக்கட்டும்."

கார் புழுதி கிளப்பிப் போனது. தாவூஸ் கரண்டியைத் தட்டி, "அடுத்தது யாருடா?" என்றாள்.