டாக்டர்களுக்குச் சம்பந்தம் பேசியவர்

கள்ளக்குறிச்சியில் இதய டாக்டருக்காகக் காத்திருந்தபோது, வெள்ளிமலையிலிருந்து வந்த மீசைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் பச்சைத் துண்டு. அதன் ஒரு முனையில் சர்க்கரை டாக்டர் கொடுத்த மாத்திரைகள், மறுமுனையில் இதய டாக்டர் கொடுத்தவை, முடிச்சுப் போட்டுத் தொங்கின.

“தலைசுத்தல் ஜாஸ்தியாயிக்கினே போவுதுங்க” என்றார்.

அவர் முறை வந்தது. திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். சர்க்கரை டாக்டரைக் கைப்பேசியில் அழைத்து, அதை இதய டாக்டரிடம் நீட்டினார்.

“நீங்களே பேசுங்க சார். ரெண்டு பேரும் ஒரே ஒடம்பத்தானே பாக்கறீங்க?”

டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பேசினார். இருவருமே பிரஷருக்கு ஒரே மருந்தை எழுதியிருந்தார்களாம். ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

“பொண்ணு வூடும் மாப்ள வூடும் பேசிக்காம கல்யாணம் நடக்குமாங்க?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார் மீசைக்காரர்.

எனக்கும் இரண்டு டாக்டர்கள். என் முறை வந்ததும் நானும் கைப்பேசியை எடுத்தேன். எண்ணைத் தட்டத்தான் தைரியம் வரவில்லை.