சுண்டுவிரலுக்கு வேண்டிய வார்த்தைகள்

ஆங்கிலத்தில் க்யூ, ஏ, இசட் என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் ஏழாவது வயது சௌக்கியமாகக் கழிந்திருக்கும். டைப் அடிக்கும்போது இந்த மூன்றும் இடது கைச் சுண்டுவிரலின் பொறுப்பு. அம்மாவுக்கு மற்ற விரல்களெல்லாம் சொன்னபடி கேட்டன. அது மட்டும் சண்டித்தனம் செய்தது.

யுத்த காலம். ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த அப்பா, சானடோரியத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு, மாட்டுங்கா வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். இருமல் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சோதனையில் தேறினால் அவருடைய இடத்தை அம்மாவுக்குத் தருவதாக மானேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். பகலில் அரை மணி நேரம் இன்ஸ்டிட்யூட்டில் மெஷின் கிடைக்கும். வீட்டில், அப்பா கட்டம் போட்டு எழுத்துகள் எழுதிக் கொடுத்த அட்டைதான் மெஷின்.

அந்த விரலைப் பழக்க, இந்த எழுத்துகள் வரும் வார்த்தைகளைத் தேடிக் கொண்டுவருவது எனக்கும் அண்ணாவுக்கும் இட்ட வேலை. நான் கடைப் பலகையைப் பார்த்து 'பஜார்' கொண்டுவந்தேன். மூன்று ஏ, ஒரு இசட் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணா அகராதியைப் புரட்டி, மூன்று எழுத்தும் சேர்ந்த 'குவார்ட்ஸ்' என்பதைப் பிடித்துவந்து என் பெருமையில் மண்ணைப் போட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். விரலுக்கு அர்த்தம் வேண்டாம் என்றார் அப்பா.

யாரையும் அதட்டி அறியாத மனிதர் அந்த நாட்களில் மாறிப்போயிருந்தார். "இன்னொரு தரம், ஜல்தி" என்று கட்டிலிலிருந்து விரட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அம்மா சுண்டுவிரலை உப்புப் போட்ட வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்பாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு போய் நின்றேன். "இங்கிலீஷ்ல இனிமே வார்த்தையே இல்லேப்பா."

அப்பா தாமே வார்த்தைகளை யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது வார்த்தையில் இருமல் பிடித்துக்கொண்டது, வெகுநேரம் நிற்கவில்லை. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஏண்டி இல்லேன்னே? போய்ப் பத்து வார்த்தை தேடிண்டு வா. கஷ்டமானதாப் பார்த்துக் கொண்டா."

"உனக்கு வலிக்கறதேம்மா."

"வலிச்சா வலிக்கட்டும். அப்பாவைப் பேச வைக்காதே."

அவளுக்காகப் பரிந்துகொண்டு போன எனக்கு இது பெரிய துரோகமாகப் பட்டது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வார்த்தைகளை மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.

சோதனைக்குப் போன அம்மா மத்தியானம் திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டிலருகே போய், ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். செருப்போடு உள்ளே வந்ததற்கு யாரும் அவளைத் திட்டாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா அவள் கையைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார்.

"இனிமே எனக்கு ஒரு அவசரமும் இல்லே" என்றார்.

அம்மா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வேலை கிடைத்ததற்கு எதற்காக அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. காலையில் நான் கண்டுபிடித்த புது வார்த்தை ஒன்றை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவசரமில்லை என்றாரே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விளையாடப் போய்விட்டேன்.