பழைய எண் இரண்டு, புதிய எண் ஒன்று

கவிதா, முகிலா, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் செல்போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. புதுப் போன் வந்தது, என்னவோ பாஸ்வேர்டு போட்டாள். நான் டீ குடித்து முடிப்பதற்குள், "எல்லாம் வந்துருச்சுப்பா, ஒண்ணுகூட மிஸ் ஆகலை" என்றாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினாள். நானும் மேலே பார்த்தேன். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முகிலன் கேட்டான். "நீங்க முன்னாடி கம்ப்யூட்டர் சர்வீஸ் பாத்தீகளாம்ல, அம்மா சொன்னாக. ப்ளஸ் டூவே பாஸ் பண்ணலையே, எப்படிப்பா?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் இந்த வாரம் முழுக்க, கடைகளில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவதற்காக ஏணியில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே ஏறி வந்தது. அதற்குப் பதில்தான் இது. எழுத்துப் பிழை இருந்தால் அம்மாவிடம் திருத்தச் சொல்லுங்கள்.

அந்தக் காலம் என்றாலே ஞாபகம் முதலில் என் மூக்குக்குத்தான் வரும். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடை. படியேறும்போதே சூடான மானிட்டர் வாசனையும் ஈயம் பற்றவைக்கும் புகையும் வரும். அந்த மானிட்டர்கள் அரிசி மூட்டை கனம். அவற்றைத் தூக்கி மாடியேற்றத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள், மூளைக்காக இல்லை. தூக்கிக்கொண்டு வந்து வைத்த பிறகு நின்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்து இரண்டு வருஷத்தில் நானும் கழற்றி மாட்ட ஆரம்பித்தேன்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டிக்குள் பிடித்து வைக்க நாலு திருகாணி வேண்டும். "ரெண்டு போதும்டா, அது என்ன ஓடியா போகப்போகுது" என்பார். அதேபோல எந்தக் கம்ப்யூட்டர் எந்த நோயோடு வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: ஃபார்மட். இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது. தலைவலிக்குத் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைப்பது மாதிரி. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்தது.

ஆனால் சின்னமனூர் மேரி அக்காவிடம் அது பலிக்காது.

மேரி அக்கா டி.டி.பி. கடை வைத்திருந்தாக. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், கலெக்டருக்கு மனு, எல்லாம் அக்கா கையால் அடித்து வர வேண்டும். மார்க்கையன்கோட்டையிலிருந்தும் ஓடைப்பட்டியிலிருந்தும் ஆள் வருவார்கள். கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு நாற்காலி, அக்கா. அவ்வளவுதான்.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்றைக்கு நீங்கள் எந்தப் போனில் வேண்டுமானாலும் தமிழில் அடிக்கிறீர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தமிழ். எந்தக் கம்பெனியின் மென்பொருளில் அடித்தீர்களோ அது இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கொக்கியும் புள்ளியுமாகப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். அக்கா வைத்திருந்த தமிழை விற்ற மதுரைக் கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அதன் சிடியின் மேல் யாரோ உட்கார்ந்து அது இரண்டாகிவிட்டது. ஆக, அக்காவின் தமிழ் உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: அந்த ஹார்ட் டிஸ்க்கில். அதை அழித்தால் அக்காவின் கடையே அழிந்த மாதிரி.

அந்த ஹார்ட் டிஸ்க்தான் ஒரு நாள் காலையில் 'டக், டக்' என்று பல்லி மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது.

முதலாளி என் கையில் புது ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, "மாட்டிட்டு ஃபார்மட் அடிச்சு ஏத்திக் குடுத்துட்டு வா. மத்தியானத்துக்குள்ள வந்துரு, போடியில ஒரு வேலை கெடக்கு" என்று பஸ் ஏற்றிவிட்டார். நான் கடைக்குள் நுழைந்ததும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, நீ என்ன வேணா பண்ணு. ஃபார்மட்னு மட்டும் சொல்லிராத" என்றாக.

"சொல்லலைக்கா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பழையதில் இருப்பதைப் புதியதற்கு அப்படியே நகல் எடுக்கலாம் என்று தெரியும். ஆனால் பழையது ஐந்து நிமிஷம் ஓடும், சூடாகும், டக் டக், நின்றுவிடும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் குளிர வைத்தால் கொஞ்ச நேரம் உயிர் பிடிக்கும் என்று ஒரு சக மெக்கானிக் சொல்லியிருந்தான். பக்கத்துக் கடை பன்னீர் திராட்சை ஜூஸ் கடை. டிஸ்க்கைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ஜூஸ் கடை அண்ணன் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, ஈரலா?"

"ஹார்ட் டிஸ்க்ணே. ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டியில வைக்கணும்."

"மேரி அக்கா மிஷினுக்குக் காய்ச்சலா? வையி, வையி. எவனாச்சும் மில்க் ஷேக்குன்னு நெனச்சு ஆர்டர் பண்ணிட்டா நான் பொறுப்பில்ல."

சிரிக்காதீர்கள். எல்லா டிஸ்க்குக்கும் இது பலிக்காது, உள்ளே ஈரம் கோத்து ஒரேயடியாகப் போய்விடுவதும் உண்டு. எனக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம். திராட்சை வாசனையோடு வெளியே வந்த டிஸ்க் முக்கால் மணி நேரம் ஓடியது. இடம் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். முதலில் ஒரு சின்னப் பகுதி, அதில் கம்ப்யூட்டர் செய்தவன் ஏதோ வைத்திருந்தான். இரண்டாவதாகப் பெரிய பகுதி, அதில்தான் விண்டோஸ், தமிழ், பத்திரிகைகள் எல்லாம். சின்னது எதற்கு, நேரம் வீண் என்று விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் நகல் எடுத்தேன். நகல் முடிந்து பத்து நிமிஷத்தில் பழைய டிஸ்க் கடைசியாக ஒரு டக் சொல்லி அடங்கிவிட்டது. இனிமேல் இருப்பது என் நகல் மட்டும்தான்.

புதியதை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. என் ஆங்கிலத்துக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். 'மிஸ்ஸிங்' என்ற வார்த்தை மட்டும் உடனே புரிந்தது. ஹால் டாட் டி.எல்.எல். என்ற சிஸ்டம் ஃபைலைக் காணவில்லையாம், அதனால் விண்டோஸ் கிளம்பாதாம்.

காணவில்லை என்றால் கொண்டுவந்து வைத்துவிடலாம், அவ்வளவுதானே? விண்டோஸ் சிடியிலிருந்து அந்த ஃபைலை எடுத்து உரிய இடத்தில் வைத்தேன். காணவில்லை என்றது. அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். காணவில்லை. ஐந்தாவது தடவை வைத்து, கண்ணால் பார்த்து, பெயரைச் சத்தமாக வாசித்து, பிறகு கிளப்பினேன். காணவில்லை. இருக்கிற பொருளை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. எனக்கு அழுகை வந்தது. அக்கா பார்க்கக்கூடாது என்று மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைச் சரிசெய்கிற மாதிரி இருந்தேன்.

கடை போனில் முதலாளி கூப்பிட்டார். "ஏலே, இன்னுமா முடியல? நீ என்ன இன்ஜினியரிங் காலேஜா படிச்ச, ஆராய்ச்சி பண்றதுக்கு? ஃபார்மட் அடிச்சுட்டு அஞ்சு மணி பஸ்ஸப் பிடி."

போனை வைத்தேன். அக்கா பிரிண்டர் மேல் இருந்த துணி உறையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாக. மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாக.

அந்த நேரம் வாசலில் ஒரே சத்தம். போஸ்ட்மேன், தெருவுக்குப் புது ஆள். ஜூஸ் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டாம் நம்பர் இதுதான? மேரின்னு யாரும் இல்லேங்கிறீக!"

"இங்கன நான்தான்யா இருக்கேன். என்னயப் பாத்தா மேரி மாதிரியா இருக்கு? அந்தக்கா பக்கத்துல இருக்காக."

"பக்கத்துல ஒண்ணாம் நம்பர்னுல்ல போட்டிருக்கு?"

"அட, வாய்க்கா வேலைக்கு முக்குல இருந்த பொட்டிக் கடைய இடிச்சாக. அதுதான் ஒண்ணாம் நம்பர். அது போகவும் எல்லாத்தையும் ஒண்ணு முன்னாடி தள்ளிட்டாக. அக்காவுக்குப் பழசு ரெண்டு, புதுசு ஒண்ணு. தகரத்துல எழுதியிருக்குல்ல, பாரும்."

போஸ்ட்மேன் உள்ளே வந்து கடிதத்தை நீட்டினார். "நல்லவேளைக்கா. 'அப்படி யாரும் இல்லை'ன்னு எழுதித் திருப்பியே அனுப்பியிருப்பேன்."

நான் மேஜைக்கு அடியிலிருந்து வேகமாக எழுந்து தலையில் இடித்துக்கொண்டேன். இதோ, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, கவிதா சின்ன வயதில் தடவிப் பார்ப்பாளே, அதுதான்.

முக்கில் இருந்த சின்னக் கடையை இடித்தவன் யார்? நான்தான். தேவையில்லை என்று விட்டேனே, முதல் சின்னப் பகுதி. அது போனதும் இரண்டாவதாக இருந்த பெரிய பகுதி ஒன்றாவதாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கோ யாரும் சொல்லவில்லை. அது பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் நம்பருக்குப் போய்க் கதவைத் தட்டி, அப்படி யாரும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபைல் காணாமல் போகவே இல்லை.

அந்த விலாசம் பூட் டாட் ஐ.என்.ஐ. என்ற ஒரு குட்டி ஃபைலில் இருக்கும். மெக்கானிக்குகள் அதில் கைவைக்கப் பயப்படுவார்கள். ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடி, அங்கே ஒரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அந்த ஃபைலைத் திறந்தேன். இரண்டு வரியில் 2 என்று இருந்தது. இரண்டையும் 1 ஆக்கினேன். மூன்று மணி நேரப் போராட்டத்துக்கு இரண்டு எழுத்து.

திரும்ப வந்து மாட்டி சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரை. பிறகு விண்டோஸ் கொடி. பிறகு அக்கா திரையில் வைத்திருந்த வேளாங்கண்ணி மாதா படம். அக்கா என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தாக. 'அன்புடையீர்' என்று வந்தது. பூச்சி இல்லை, புள்ளி இல்லை. தமிழ். அக்கா அந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டுவிட்டு, "ஏண்ணே, தம்பிக்கு ஒரு பெரிய கிளாஸ்ல போடுங்க!" என்று பக்கத்துக் கடைக்குக் கத்தினாக.

நான் வாழ்க்கையில் நிறையத் தேறவில்லை பிள்ளைகளே. ஆனால் அன்றைக்குத் தேறினேன். அது எனக்குத் தெரியும். அன்று டிஸ்க்குக்கு நாலு திருகாணியும் போட்டேன். பெட்டியின் உள்பக்கத் தகரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினேன்: 'பழைய எண் 2, புதிய எண் 1.' இனி எந்த மெக்கானிக் திறந்தாலும் திகைக்கக்கூடாது இல்லையா. போடி வேலைக்குப் போகாததற்கு முதலாளி திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "சரி, எப்படிடா பண்ணுன? எனக்கும் சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இப்போது அந்த மாடிக் கடையில் அழகு நிலையம் இருக்கிறது. பிரவுசிங் சென்டர் இல்லை. டக் டக் சத்தமும் இல்லை, இப்போதைய டிஸ்க்குகள் சாகும்போது வாயே திறப்பதில்லை. கம்பெனிக்கு ஒரு தமிழ் என்பது போய் எல்லோருக்கும் ஒரே தமிழ் ஆகிவிட்டது; அது நல்லதுதான், நான் வருத்தப்படவில்லை. மேரி அக்கா போன வருஷம் கடையை மூடிவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இது இரும்புக் கடைக்குப் போகுது. உனக்கு ஏதாச்சும் வேணும்னா கழட்டிக்க" என்று அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டினாக. சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாக.

தனியாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். என் கையெழுத்து தூசிக்கு அடியில் அப்படியே இருந்தது. டிஸ்க்கில் மட்டும் இரண்டு திருகாணிதான் இருந்தது. நடுவில் யாரோ ஒரு மெக்கானிக் கழற்றி மாட்டியிருக்கிறான். என் பையில் தேடி, அளவு பொருந்துகிற திருகாணி இரண்டு எடுத்து, அந்த இரண்டு ஓட்டையிலும் போட்டு முறுக்கினேன். பிறகு பெட்டியை மூடி, இரும்புக்கடைக்காரர் எடுத்துப் போக வசதியாக வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.