கம்பியைக் கடித்த ஹாம்ஸ்டர்

தெருவில் அவருக்குக் கம்பிக்காரர் என்றே பெயர். ஜன்னல், கேட் என்று எதையும் வெல்டிங் செய்வார். ஆனால் குடும்பம் ஓடியது, செல்லப்பிராணிக் கடைக்குச் செய்து கொடுத்த கூண்டுகளால்தான். பதினைந்து வருடமாக ஒரே அளவு: ஒரு முழ நீளம், ஒரு சாண் உயரம்.

ஒருநாள் கடைக்காரர் ஒரு கூண்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே எலி மாதிரி, உள்ளங்கையளவு ஹாம்ஸ்டர்.

“பாருங்க, பெயிண்டெல்லாம் கடிச்சே எடுத்துடுச்சு. வாங்கினவங்க சத்தம் தாங்கலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. தடிக் கம்பியா போடுங்க.”

வேலையைக் குறை சொன்னால் கம்பிக்காரருக்குச் சோறு இறங்காது. எந்தக் கம்பி தாங்கும் என்று பார்க்க, அதை வீட்டுக்கே எடுத்துப்போனார்.

பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தது. கரக், கரக். தட்டு நிறையத் தீனி இருந்தும் தொடவில்லை. ஒரே கம்பி, ஒரே இடம். மூக்கின் மேல் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது.

“பசியில்ல. அப்புறம் எதுக்குங்க இரும்பைக் கடிக்குது?” என்றாள் மனைவி. “நீங்க கட்டினது ஜெயில்னு தெரிஞ்சுபோச்சு போல.”

கம்பிக்காரர் குனிந்து அந்தச் சிவந்த மூக்கைப் பார்த்தார். மறுநாள் பட்டறையில் கிடந்த கண்ணாடி அலமாரியை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கப்போட்டு, மேலே வலை அடித்து, முழங்கை புதையும் அளவுக்கு மரச்சீவல் கொட்டினார். உள்ளே விட்டதும் ஹாம்ஸ்டர் சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு விறுவிறுவென்று தோண்டி மறைந்தது. இரண்டு நாளாக ஆளையே காணோம். ஓடிப்போய்விட்டதென்று மனைவி அடுப்படியெல்லாம் தேடினாள். மூன்றாம் நாள் மாலை, அவள் கிழித்துப் போட்ட காகிதத்தைக் கன்னம் புடைக்கத் திணித்துக்கொண்டு வளைக்குள் போனது.

இனி இந்த மாதிரிப் பெட்டிதான் என்று கம்பிக்காரர் கடைக்கே போய்ச் சொன்னதும், கடைக்காரர் கையை விரித்தார். “இது ஒண்ணு வைக்கிற இடத்துல ஆறு கூண்டு வைப்பேன். உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா யாரு வாங்குவா?”

“சின்னக் கூண்டு இனிமே நான் செய்யறதா இல்லீங்க.”

“வேற ஆளா கிடைக்காது?”

“கிடைப்பாங்க. தேடிப் பாருங்க.”

“வீராப்பு பேசிட்டு வந்தாச்சா?” என்று மனைவி திட்டினாள். ஆனால், ‘ஹாம்ஸ்டருக்குப் பெரிய பெட்டி செய்து தரப்படும்’ என்று அட்டையில் எழுதிப் பட்டறை வாசலில் மாட்டியவளும் அவள்தான்.

முதல் இரண்டு மாதம் கேட் வேலைதான் கைகொடுத்தது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவராக ஏழு பெட்டி போனது. எட்டாவதைக் கேட்டு வந்தவர் அதே கடைக்காரர். “ஒண்ணே ஒண்ணு. வித்தா பார்ப்போம்,” என்றார்.

ஹாம்ஸ்டர் முழுக்க மாறிவிடவில்லை. வீட்டுக் கதவைப் படாரென்று சாத்தினால் மேல்வலையைப் பிடித்துக்கொண்டு பழையபடி கடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கித் தோண்டப் போய்விடும். அந்தச் சத்தம் அடங்க, கதவுச் சட்டத்தில் ரப்பர் ஒட்ட அளவெடுத்துக்கொண்டிருந்தார் கம்பிக்காரர்.