வேங்கை டம்ளர்

அந்தியூர்ச் சந்தைக்குக் காளை வாங்கப் போன பெரிய மாமா, கையில் ஒரு மர டம்ளரோடு சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம் அது. டம்ளர் வேங்கை மரத்தில் கடைந்தது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்ததும் குடித்தால் சர்க்கரை ஓடிவிடும் என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். மாமா வாங்கிவரும் எதற்கும் யாராவது சத்தியம் செய்திருப்பார்கள்.

"மாத்திரை அதுபாட்டுக்கு இருக்கட்டுங்க மாப்ள. இதையும் குடிச்சுப் பாருங்க" என்றார்.

காலையில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மினுங்கும். அந்த நீலத்துக்காகவே, யாரும் எழுப்பாமல் எழுந்துகொள்வேன். முதல் வாய் அம்மாவுடையது. கசப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாளாம். பார்த்து முடிப்பதற்குள் பாதி காலியாகிவிடும்.

"ஏம்புள்ள, ருசி பாக்கறியா, குடிச்சே தீத்துப்போடறியா?" என்று அப்பா சிரிப்பார். கசப்பில் பாதி குறைந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

சென்னிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அப்பா டம்ளரைக் கழுவி மொட்டைமாடிச் சுவரில் கவிழ்த்துவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால், வெயிலில் காய்ந்து, வாயிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் அப்பா இறந்தபோதுகூட ஓடியாடி வேலை பார்த்தவள் அவள்.

"உடு புள்ள. ஒரு டம்ளருக்கா அழுவாங்க? எனக்குத்தான் மாத்திரை இருக்குதில்ல?"

"உங்களுக்கு இருக்குதுங்க" என்றாள் அம்மா.

நான் வேலைக்குப் போன பிறகு, அம்மாவுக்குக் காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இது பல வருஷத்துச் சர்க்கரை என்றார் டாக்டர். அம்மா ஆச்சரியப்படவில்லை. "அப்பவே தெரியும் கண்ணு. ஒரே ஊட்டுல ரெண்டு பேரும் சீக்காளின்னா ஆவுமா?" என்றாள், ஏதோ அரிசி விலை சொல்வதுபோல.

ஆனால் அன்றைக்கு, அவள் அழுவது அந்த மரத்துக்காகத்தான் என்று நம்பி, நான் பசை டப்பாவைத் தேடி ஓடினேன்.