மாடியில் காயப்போட்ட பன்னிரண்டு வில்லைகள்

ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அந்தத் தவறைச் செய்தேன்.

நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஈரத்தைக் கண்டால் வெயிலைத் தேடுகிற பிழைப்பு. விடுமுறைக்கு வந்த மகள் தன் தாயோடு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் பையின் அடி நனைந்திருந்தது. உள்ளே, மூடி கசிந்த டப்பாவில், நுங்குச் சுளை போலப் பன்னிரண்டு வில்லைகள் தண்ணீரில் கிடந்தன. தண்ணீரை வடித்துவிட்டு, மாடியில் தாள் விரித்துப் பரப்பினேன். உதவி செய்துவிட்ட திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்கு அவர்கள் திரும்பியபோது எல்லாம் கண்ணாடிச் சில்லாகச் சுருங்கியிருந்தன.

"ஏங்க, வத்தலா போட்டிருக்கீக?" என்றாள் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு தேய்ந்தவர்களுக்கு மாற்றாக வைக்க ஒரு கூழ்ப்பொருளை உருவாக்குவதுதான் அவள் ஆராய்ச்சி. அந்த வில்லைகள் மூன்று மாத உழைப்பு. அவற்றை அமுக்கிச் சோதிக்கும் இயந்திரம் திங்கட்கிழமை ஒருநாள்தான் அவளுக்குக் கிடைக்கும், கோயம்புத்தூரில்.

"தண்ணிதான்ப்பா இதுக்குப் பலமே," என்றாள். உடனே பேராசிரியைக்குப் போன் போட்டாள். "மேடம், சாம்பிள் வெயில்ல காஞ்சிருச்சு. டப்பா மேல எழுதி ஒட்டாதது என் தப்பு."

"நான்தான்னு சொல்லும்மா," என்றேன்.

"சொன்னா ஊறிருமா? எப்பப் போட்டீக, அதைச் சொல்லுங்க." நோட்டில் குறித்துக்கொண்டாள்.

உப்புக் கரைசலில் மறுபடி போட்டாள். மூன்று வெடித்துப்போயின. மற்ற ஒன்பதும் சாயங்காலத்துக்குள் மெல்ல உப்பின. எனக்கு உயிர் வந்தது.

"பழையபடி ஆயிருச்சே! அப்படியே கொண்டு போ தாயி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேப்பா. நாளைக்கு ஒருத்தர் முதுகுக்குள்ள போற பொருளு."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. வயதில் மூத்த எனக்குத் தோன்றாத பதில் அது.

ஞாயிறு காலை பேராசிரியை, மகள் படிக்கும் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார். நோட்டில் 'அப்பா காயப்போட்டது, 11.15' என்றிருந்ததைப் படித்தார். ஒரு வில்லையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"புதுசுன்னு இதை எண்ண முடியாது. காஞ்சு ஊறினது எவ்வளவு தாங்கும்னு தனியாப் பார்ப்போம், அதுவும் தெரிய வேண்டியதுதான். கிளம்பு, கோயம்புத்தூருக்கு," என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "டப்பாவை மடியிலேயே வச்சுக்கோ. அப்பா கேட்டாலும் குடுத்துராத."